சீதன ஓலையும் கூறைச் சேலையும்

யாழ்ப்பாணத்துக் கலியாணம் ஒன்றை வருணிக்கப் புகுவோர் மேளத்திலும் மணவறையிலும் தொடங்குவதே வழக்கம். பந்தல், வெள்ளை, நிறைகுடம், கூறைச் சேலை, கெட்டிமேளம் என்று சொல்லிச் செல்கையில் கேட்பவர் உள்ளமும் அவற்றிலே தோய்ந்துவிடும். ஆயின் கலியாணத்தின் வரலாற்றை எழுத முற்படுபவன் தொடங்கவேண்டிய இடம் வேறு. பேச்சுக்கால் தொடங்கிய நாளுக்கும் தாலி ஏறிய நாளுக்குமிடையே ஒரு குடும்பத்தின் காணி, பனை, கிணற்றுப் பங்கு, நகை, ரொக்கம் ஆகியன ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறின. அக்கைமாற்றத்தை எழுதி ஒப்பமிட்ட இடம் நொத்தாரிசின் மேசை. அதற்கு முன்னர் எழுத்தாணி பிடித்தவனின் திண்ணை. இந்த இடத்தில் நின்று நோக்கினால்தான், பெண்ணுக்குரியதாக இருந்த ஒரு சொத்துரிமை காலப்போக்கில் மாப்பிள்ளைக்குரிய விலையாக மாறிய கதை நமக்குத் துலங்கும்.

பழந்தமிழர் மணத்தில் இவ்வெழுத்துக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. அகநானூற்றின் 86ஆம் செய்யுளும் 136ஆம் செய்யுளும் காட்டும் மணங்களிலே புதுமணல் பரப்பிய பந்தரும், உளுந்திட்ட உணவும், பிள்ளை பெற்ற மகளிர் நீராட்டும் நீராட்டும், வெண்ணூலும் உண்டு. புரோகிதனோ தீவலமோ கூறப்படவில்லை. கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் பேச்சில்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது மணம் வணிகப் பெருங்குடியின் வீட்டு விழாவாகிவிடுகிறது. முதுபார்ப்பான் மறைவழி காட்ட மணமக்கள் தீவலம் வருகின்றனர். நம் பண்டிதர்கள் இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை ஆரியர், தமிழர் என்ற ஒரே சொல்லாற் கடந்துவிடுவர். சொத்துக் குவிந்த இடத்திலே சடங்கும் குவிந்தது என்ற எளிய உண்மையையும் அவர்கள் சற்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்து மணமரபுக்கு எழுத்திலமைந்த முதற் பெருஞ் சான்று தேசவழமை. 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய யாழ்ப்பாணத்தை 1658இல் ஒல்லாந்தர் தமதாக்கினர். காணி வழக்குகளைத் தீர்ப்பதற்கு அவர்களுக்கு நாட்டு வழக்கம் தெரியவேண்டியிருந்தது. ஆள்பதி சைமன்சு 1706ஆம் ஆண்டில் இட்ட ஆணைப்படி, யாழ்ப்பாணத்திலே 37 ஆண்டுகள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்சு இவ்வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டு தையிலே கையளித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, 12 முதலிமாரின் ஒப்புதலையும் பெற்றது. இந்தப் பன்னிருவரும் நிலவுடைமை உயர்குடியினர் என்பதனை மறந்துவிடலாகாது. அவர்கள் நாவழியே வந்தது ஊர் முழுவதன் வழக்கம் என்று நம்புவதற்கு வரலாற்று மாணவனுக்கு நியாயமில்லை. காணி வைத்திருந்தவர்களின் வழக்கம் அது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயர் அதற்கே சட்ட வலுவும் அளித்தனர்.

தேசவழமை மணமக்களின் சொத்தை மூன்றாக வகுக்கிறது. கணவன் தன் முன்னோரிடமிருந்து கொண்டுவருவது முதுசொம். மனைவி கொண்டுவருவது சீதனம். மணத்தின்பின் இருவரும் சேர்ந்து ஈட்டுவது தேடிய தேட்டம். பண்டைநாளில் தகப்பனின் முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்றும், தேடிய தேட்டம் இருபாலாருக்கும் பங்கிடப்பட்டது என்றும் அவ்வேடு கூறுகிறது. இவ்விடத்தை நம் வாசகர் சற்று நின்று நோக்கவேண்டும். தாயின் காணி மகளுக்கு, மகளின் காணி பேத்திக்கு என இறங்கிய ஒரு பெண்வழிச் சொத்து இங்கே இருந்தது. அச்சொத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட கூலியன்று. மகளுக்குத் தாய் விட்டுச்சென்ற முதுமை. மட்டக்களப்பிலே முக்குவர் வழமை பெண்வழியை இன்னும் உறுதியாகப் பேணிற்று. அங்கு மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்தல் நெடுநாள் வழக்கமாயிற்று.

ஆயின் ஐசாக்சு எழுதிய காலத்திலேயே இவ்வொழுங்கு குலைந்திருந்தது. போர்த்துக்கேயர் ஆட்சியிலே, பிலிப் மஸ்கரேஞ்ஞாசு ஆள்பதியாக இருந்த காலத்தையொட்டி இம்மாற்றம் நேர்ந்ததாகத் தேசவழமையே கூறுகிறது. தாயின் சீதனம், தகப்பனின் முதுசொம், தேடிய தேட்டம் என்ற பிரிவு பாராமல், எல்லாவற்றையும் கலந்தெடுத்து மகளுக்குச் சீதனம் எழுதத் தலைப்பட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் பெண்ணின் பங்கு பெருகியதாகத் தோன்றும். உள்ளே நோக்கினால் வேறொன்று தெரியும். தாயிடமிருந்து தானே வந்துசேரும் ஒரு பங்கின் அளவை எவரும் பேசித் தீர்மானிக்கவேண்டியதில்லை. குடும்பச் சொத்து முழுவதிலுமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி எழுந்தபின்னரே பேரம் பேச இடமுண்டாயிற்று. சீதனம் பெற்ற மகள் அதனோடு மனநிறைவு கொள்ளவேண்டும், சகோதரர் இருக்கையில் பெற்றோர் சொத்திலே பின்னர் உரிமை கோரலாகாது என்ற விதியும் இருந்தமையால், கலியாணப் பேச்சே அவளது பாகப்பிரிவினையாகவும் அமைந்தது. தனக்குக் கிடைக்கவேண்டியது அத்தனையும் அந்தச் சில வாரங்களிலே தீர்ந்துவிடும். அப்பேச்சில் அவள் வாய்திறக்க இடமிருக்கவில்லை.

சீதன உறுதி ஒன்றைப் பிரித்துப் படித்தவர்களுக்கு அதன் நடை தெரியும். காணியின் பெயர், இறை, எல்லைகள், அதன்பின் அளவு. வரகு விளையும் மேட்டுநிலத்தில் ஒரு பரப்புக்கு 18 குழி. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல்வயலிலே லாச்சத்துக்கு 12 குழிதான். நிலத்தோடு பனை, தென்னை, வேலி, வீடு, கிணற்றிலே பங்கு, அக்கிணற்றுக்குச் செல்லும் வழி, நீரோடும் வாய்க்கால் எல்லாம் உறுதியில் ஏறும். ஆறில்லாத ஒரு தீபகற்பத்தில் கிணற்றில் எட்டிலொரு பங்கு இல்லாத புகையிலைத் தோட்டத்தினால் பயனென்ன? நான்கு தலைமுறை இவ்வாறு மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்தபின் தோட்டம் பாய்போலச் சுருங்கியது. கிணற்றுப் பங்கு பின்னங்களாயிற்று. நமது மாணவர் பின்னக்கணக்கிலே திறமையுடையவராயிருப்பதற்கு உறுதிகளும் ஒரு காரணமோ என்று நான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு. தேசவழமையில் மற்றொரு விதியும் உண்டு. சீதனமாக எழுதப்பட்ட காணியை மணமக்கள் பத்தாண்டுக்குள் கையேற்று ஆளாவிடின், புதிய ஓலை எழுதினாலன்றி அவ்வுரிமை அற்றுப்போகும். ஓலையைக் காட்டிக் கலியாணத்தை முடித்துவிட்டுக் காணியைத் தன் கையிலே வைத்திருந்த தகப்பன்மார் அன்றும் இருந்தனர் என்பது இவ்விதியிலிருந்தே புலனாகிறது.

காணியோடு சென்றது காணி மாத்திரமன்று. சீதனத்தில் அடிமைகளும் கொடுக்கப்பட்டனர். தேசவழமை அடிமைகளைப் பற்றித் தனியாகவே விதிகளை வகுத்துள்ளது. ஓர் அடிமை ஆணும் வேறொருவருக்குரிய அடிமைப் பெண்ணும் கூடிவாழின், அவர்கள் பெறும் பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியர். ஆக, மேட்டுக்குடிப் பெண்ணுக்குத் தாய்வழியாக இறங்கியது சொத்து; அவளுடன் சீதனமாகச் சென்ற பெண்ணின் மக்களுக்குத் தாய்வழியாக இறங்கியது அடிமைத்தனம். ஒரே ஏட்டிலே, சில பக்கங்கள் தள்ளி, இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. 1821ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பெண் குழந்தைகளை, எசமானருக்கு ஈடு கொடுத்து, சுதந்திரராக்க முற்பட்டபோது ஆண் குழந்தைகளை விட்டுப் பெண் குழந்தைகளைத் தெரிந்ததன் காரணம் இதுவே. கருவழியே வரும் உரிமையை அங்கேயே அறுக்கவேண்டியிருந்தது. அடிமைமுறை சட்டத்தினால் முற்றாக ஒழிந்தது 1844இல். அதற்கு முற்பட்ட சீதன ஓலைகளைக் குடும்பப் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் அவற்றை முழுமையாக வாசித்துவிட்டுக் காட்டுவது நன்று.

ஆண்மக்களின் நிலையையும் சொல்லவேண்டும். மணமாகாத மகன் உழைத்துச் சேர்த்தது, அவன் அணிந்த நகை போன்றவை நீங்கலாக, பெற்றோரின் பொதுச் சொத்திலே சேர்ந்தது. அப்பொதுச் சொத்திலிருந்தே சகோதரிமாரின் சீதனம் எடுக்கப்பட்டது. தங்கைமார் மூவரைக் கரைசேர்த்தபின் நாற்பது வயதிலே மணவறையில் இருந்த அண்ணன்மாரை நாம் அறிவோம். அது பாசத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. பாசம் இருந்தது உண்மை. அதன்கீழே முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு சொத்துச் சட்டமும் இருந்தது.

இனி ‘எழுத்து’ என்று நம் ஊரிலே வழங்கும் பதிவைப் பற்றி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தத்தம் திருச்சபை வழி நடந்த மணத்தையே ஏற்றுக்கொண்டனர். ஒல்லாந்தர் காலத்திலே கோயிற்பற்றுத்தோறும் இருந்த பாடசாலையில் ஞானஸ்நானமும் விவாகமும் தோம்பிலே பதியப்பட்டன. பதிவு செய்தவர்கள் சட்டம்பிமார்; நமது தொழிலின் முன்னோர். அவ்வேட்டிலே பெயர் ஏறாதவனின் பிள்ளைக்கு முதுசொம் உரிமை கேள்விக்குரியதாயிற்று. ஆதலாற் சைவர்கள் பகலிலே தோம்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டிலே தம் சடங்கை நிறைவேற்றினர். அரசுக்கு ஒரு கலியாணம், ஊருக்கு ஒரு கலியாணம் என்ற இரட்டை வழக்கம் நம்மிடையே வேரூன்றியது இவ்வாறே எனலாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்பின் எழுத்து பொது வழக்காயிற்று. எனினும், வழமைச் சடங்கு முறையாக நடந்த மணம் பதிவின்றியும் செல்லும் என்று நீதிமன்றங்கள் கருதின. அதனால் ஒரு விநோதம் விளைந்தது. கூறை கொடுக்கப்பட்டதா, தாலி கட்டப்பட்டதா, யார் முன்னிலையில் என்றெல்லாம் சாட்சிக் கூட்டிலே ஐயரும் வண்ணாரும் விசாரிக்கப்பட்டனர். முதுசொம் வழக்குகளின் வழியாகவே நமது சடங்குகளிற் பல முதன்முறையாகத் துல்லியமாக ஏட்டிலேறின.

அச்சடங்குகள் எவை? சாதகம் பொருந்திச் சீதனமும் பொருந்தியபின் நிச்சயார்த்தம். பின்னர் நல்ல நாளிலே மாப்பிள்ளை வீட்டிற் பொன்னுருக்கல். தட்டார் வந்து, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பொன்னை உருக்குவார். உருகிய பொன் தட்டிலே சபைக்குக் காட்டப்படும். அன்றே பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றுவர், முளைப்பாலிகை இடுவர். அன்றுதொட்டு மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது. பெண் வீட்டிலே பலகாரச் சூடு. அரியதரம், பயற்றம்பணியாரம், சிப்பி, முறுக்கு என்று அயலிலுள்ள பெண்கள் கூடி இரவு பகலாக அடுப்படியில் வேகும் அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்பட்டதில்லை. கலியாண நாளிலே பரியாரி முகம் வழிக்க, பாலறுகு வைத்து மாப்பிள்ளையை நீராட்டித் தலைப்பாகை கட்டி அழைத்துச் செல்வர். பெண் வீட்டுப் படலையிலே பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று கால் கழுவ, மாப்பிள்ளை மோதிரம் இடுவான். கன்னிகாதானத்தின்பின் கூறையைத் தட்டிலே பெற்றுச் சென்று பெண் உடுத்து வர, தாலி ஏறும்.

ஊர்ப் பிரிவுகள் அனைத்தும் அன்று அப்பந்தலிலே தெரிந்தன. வெள்ளை கட்டவும் நிலபாவாடை விரிக்கவும் வண்ணார்; வழிக்கப் பரியாரி; உருக்கத் தட்டார்; ஊதவும் முழக்கவும் மேளகாரர். ஒவ்வொருவருக்கும் தானமும் துணியும் உண்டு. உடன் உட்கார்ந்து உண்ண இலை கிடையாது. சேவை செய்யும் உரிமை என்று அழகாகச் சொல்லப்பட்டது, மறுக்க முடியாத கடமையாகவே இருந்தது. தம் வீட்டுக் கலியாணத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் மேளம் பிடிக்கவும், வெள்ளை கட்டவும், பொன் நகை அணியவும் உயர்குடியினர் தடைசெய்தனர். ஒருவரது கலியாணத்தை ஊரறியச் செய்யும் அடையாளங்கள் யாவும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களின் கதவைப் பற்றியே பேசிற்று. படலைக்குள்ளே நடந்ததை அது தொடவில்லை.

பிராமணக் குருக்கள் தீ வளர்த்து நடத்தும் மணம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததென்று இன்று கருதப்படுகிறது. அது பிழை. உழைக்கும் மக்கள் பலரிடையே கூறை கொடுத்துச் சோறு கொடுத்தலே கலியாணம். வண்ணாரோ பரியாரியோ முன்நின்று நடத்த, பெண் பரிமாறிய சோற்றை ஆண் உண்டதும் மணம் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் காலந்தொட்டுச் சைவ மறுமலர்ச்சி பரவியபின் ஆகமவழிச் சடங்கே உயர்வின் அடையாளமாயிற்று. வசதி பெற்றவர்கள் ஒவ்வொருவராக ஐயரை அழைத்தனர். இன்றும் தாலி கட்டியபின் பெண் மாப்பிள்ளைக்கு அன்னம் பரிமாறிப் பகிர்ந்துண்ணும் பூதாக்கலம் என்ற சடங்கு எஞ்சியிருக்கிறது. மந்திரங்கள் ஓய்ந்து புகைப்படமும் எடுத்து முடித்துக் களைத்திருக்கும் வேளையில் அவசரமாக நிறைவேற்றப்படும் அந்தச் சிறு சடங்கே ஒரு காலத்திற் கலியாணம் முழுவதுமாக இருந்தது என எனக்குத் தோன்றுகிறது.

சீதனத்தின் உருவம் அடியோடு மாறியது ஆங்கிலேயர் காலத்திலேயே. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற வாலிபருக்குக் கொழும்பிலே கிளாக்கர் வேலையும், மலாயாவிலே றெயில்வே உத்தியோகமும் கிடைத்தன. தோட்டக்காரனின் வருவாய் மழையையும் புகையிலை விலையையும் நம்பியிருக்க, உத்தியோகத்தனுக்கு மாதந்தோறும் சம்பளம், முதுமையிலே பென்சன். நிலம் வைத்திருந்தவன் தன் மகளுக்குச் சம்பளம் உள்ளவனைத் தேடினான். மகனைப் படிப்பிக்கப் பணம் செலவிட்டவன் அச்செலவை மீட்க வழி தேடினான். மகளின் பெயரில் எழுதும் காணி இதற்குப் போதாது, அது அவளுடையதல்லவா? மாப்பிள்ளையின் பெற்றோர் கையிலே ரொக்கமாகக் கொடுக்கும் ‘இனாம்’ இவ்வாறு பெருகிற்று. பின்னாளிலே அதுவே ‘டொனேசன்’ எனப் பெயர் பெற்றது. டாக்குத்தர், என்சினியர், எக்கவுண்டன் என்று ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் ஊரிலே ஒரு மதிப்பு வழங்கிற்று. அப்பணம் மாப்பிள்ளையின் பெட்டியிலும் நெடுநாள் தங்கவில்லை. அவன் தங்கையின் டொனேசனாக மற்றொரு வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. கடைசியில் மகள்மாரை மாத்திரம் பெற்றவன் வாசலிலே கடன்காரன் நின்றான். பெண் வீட்டார் கொடுத்த பணத்திலே மாப்பிள்ளை வீட்டார் பதினொன்றோ பதினைந்தோ பவுணிலே தாலிக்கொடி செய்து, அதனைத் தாங்கள் போட்டதாகச் சபையிலே காட்டிய விந்தையும் உண்டு.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்து அவளுக்கே தனியுரியது என்று வரையறுத்தது. ஆயினும் அவள் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் அச்சட்டமே விதித்தது. கணவன் நியாயமின்றி மறுத்தால், அல்லது அவளைக் கைவிட்டுச் சென்றால், அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். கணவனுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. சீதனத்தை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் இவ்விடத்தில் நிதானிக்கவேண்டும். கணவன் இறந்தாலும் கைவிட்டாலும் யாழ்ப்பாணத்துப் பெண் பலருக்குத் தலைசாய்க்க ஒரு வீடு இருந்தது. அது அவள் பெயரில் எழுதிய சீதன வீடு. கண்டிக்கத்தக்கது அவ்வீடு அல்ல. அவ்வீட்டின்மேல் கணவனுக்கிருந்த பூட்டும், அதற்கு மேலாகக் கேட்கப்பட்ட ரொக்கமுமே. ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதனால் பெண்ணின் உரிமையைப் பறிப்பவனும் சீர்திருத்தவாதியாகத் தோன்ற இடமுண்டாகிறது.

1983இன் பின் மாப்பிள்ளைமார் புலம்பெயர்ந்தனர். கொழும்பு உத்தியோகத்தின் இடத்தைக் கனடாவும் சுவிற்சர்லாந்தும் பிடித்தன. பேச்சுக்கால் தொலைபேசியிலே நடந்தது. பொன்னுருக்கல் ஒரு நாட்டிலும் தாலி இன்னொரு நாட்டிலும் நிகழ்ந்தன. விசாவுக்காக எழுத்து முந்தி, சடங்கு பல மாதம் பிந்தியது. தோம்பின் காலத்து இரட்டைக் கலியாணம் மீண்டும் வந்தது.

காணிக்கு நேர்ந்ததோ வேறு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களின் செம்மண் தோட்டங்களும் வீடுகளும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி 2009இன் பின்னரே சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேலாகப் பெண்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சீதன உறுதியைப் பிளாத்திக்குப் பையிலே சுற்றிப் பாதுகாத்தனர். இடப்பெயர்வின்போது கைவிட்டுப்போன உறுதியின் பிரதியைக் காணிக் கந்தோரிலே தேடி அலைந்தோரும் உண்டு. திரும்பிச் சென்றவர்கள் வேலியின்றி, வீடின்றி, அடம்பன் கொடியும் நாயுண்ணிப் பற்றையும் மூடிக் கிடந்த நிலத்திலே கிணற்றின் கட்டைத்தான் முதலில் தேடினர். கிணறு கிடைத்தால், உறுதியில் எழுதிய எல்லையை அங்கிருந்து அளந்து கொள்ளலாம்.